மக்கு என்னும் சொல்லை மறுத்த அம்மையார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். புலவர் பெருமக்களைப் பற்றியும் நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் எழுத நம்மினும் கற்றார் பலர் இச்சங்கத்தில் உளர். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நாமோ, இத்தாலி நாட்டிற் பிறந்து, நம் தமிழகத்து அடையாற்றிலும் கோடைக்கானலிலும் வாழ்ந்து, குழந்தைக் கல்விக்குப் புது வழி கண்ட மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

நம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவர் கோரமண்டலில் இருக்கின்றார். சிறு வயதிலேயே மிதிவண்டியின் டைனமோவைப் பிரித்துப் பூட்டுவார். வாய்க்கணக்கில் வகுப்பிலேயே அவர்தாம் முதல்வர். ஆயினும், புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் எழுத்துகள் அவருக்குப் பிடிபடமாட்டா. நேற்று எழுத்துக்கூட்டிப் படித்த சொல் இன்று புதுச்சொல்லாக நிற்கும். மக்கு என்று பெயர் சூட்டப்பெற்று, பெஞ்சின்மேல் நின்று நின்று கால் வலித்து, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கினார். இன்று விடியற்காலை வண்டியேறிப் பெங்களூருக்குச் சென்று, கட்டட வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகின்றார். வங்கிப் படிவமோ அரசாங்கக் கடிதமோ வந்தால், மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகக் கூறி அதனை நம்மிடம் நீட்டுவார். அவரிடம் மூக்குக்கண்ணாடியே இல்லை என்பது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருபது ஆண்டுகளாக இருவரும் அதுபற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

அவருடைய மகன் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தான். தந்தையின் கதை மகனிடத்தில் மறுபடியும் தொடங்குவதைக் கண்டு நாம் கலங்கினோம். அச்சிறுவனுக்கு ஏதேனும் வழி உண்டா எனத் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான் அம்மையாரின் வரலாறு நம் கைக்கு எட்டியது.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலியின் கீழைக் கரையிலுள்ள ஆங்கோனா நகருக்கு அண்மையில், கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க நிதித் துறையில் அலுவலர். தாயார் ரெனில்டே நூல்களில் நாட்டம் மிக்கவர். தந்தையாரின் அலுவல் மாற்றத்தால் குடும்பம் புளோரன்சுக்கும், 1875இல் உரோமை நகருக்கும் குடிபெயர்ந்தது. அலுவல் மாற்றத்தால் ஊர் ஊராகத் திரியும் வாழ்வு நம் போன்ற இருப்புப்பாதைக் குடும்பத்தார்க்குப் புதிதன்று.

அக்காலத்துப் பெண்கள் எட்டிப் பாராத தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து, பொறியியல் பயில விரும்பிய மரியா, பின்னர் மருத்துவத்தின்பால் மனம் வைத்தார். தந்தையார்க்கு அது உடன்பாடன்று. தாயாரே துணை நின்றார். உரோமைப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு ஒருங்கிருந்து பிணத்தை அறுத்துப் பார்த்தல் பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டதால், எல்லாரும் வீடு திரும்பிய பின்னர்த் தனியே இருந்து அப்பாடத்தைக் கற்க வேண்டியவரானார். அவ்வச்சத்தையும் அருவருப்பையும் வென்று, 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற்பெண் மருத்துவர் அவரே என்று பலர் எழுதுவதுண்டு. அவருக்கு முன்னரும் சிலர் பட்டம் பெற்றிருந்தனர் என்பதே உண்மை. எனினும் அவர் பெருமைக்கு அதனாற் குறைவொன்றுமில்லை.

அதே 1896ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பதினான்கு அகவைச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அச்சிறுவன் கூர்த்த அறிவினன், விளையாட்டில் பிறர்க்கு இளைத்தவன் அல்லன், கண்பார்வையிலும் குறையில்லை. ஆயினும், ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்கள் முயன்றும் அவனால் படிக்க இயலவில்லை. இதனைப் பிறவியிலேயே அமைந்த சொற்குருடு என அம்மருத்துவர் குறித்தார். இன்று டிஸ்லெக்சியா என்று வழங்கப்பெறும் இடர்ப்பாடு இதுவே. அறிவு குன்றாதிருக்க, பேச்சின் ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு இணைக்கும் ஆற்றல் மட்டும் தளர்ந்திருப்பது இதன் இயல்பு. இது குடும்பவழி தொடர்வதும் உண்டு என்பர் அறிஞர். அதனைப் படித்தபோது நண்பரும் அவர் மகனும் நம் கண்முன் வந்து நின்றனர்.

மாண்டிசோரி அம்மையார் பட்டம் பெற்ற பின்னர், உரோமைப் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பகுதியில் பணிபுரிந்தார். அதன்பொருட்டு நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வார். மூளை வளர்ச்சி குன்றியவர் எனப்பட்ட சிறுவர்களும் அக்காலத்தில் அவ்விடுதிகளிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். ஒரு விடுதியில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்பெண் இழிவாகச் சுட்டிக்காட்டினாள் என்பர். அவ்வறையை அம்மையார் உற்று நோக்கினார். வெற்றுச் சுவர், வெற்றுத் தரை; கையால் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகளுக்கு வயிற்றுப் பசியன்று, கைகளின் பசியே உள்ளது என அவர் உணர்ந்தார். பிறர் பெருந்தீனியைக் கண்ட இடத்தில் அவர் அறிவின் தேடலைக் கண்டார்.

அந்நாள் தொட்டு, பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் பயின்றார். காது கேளாதாரையும் அறிவு வளர்ச்சி குன்றியோரையும் புலன்களின் வழியே பயிற்றுவிக்கலாம் என்பது அவர்கள் கண்ட நெறி. இக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே என்று 1898இல் தூரின் நகரத்து ஆசிரியர் மாநாட்டில் அம்மையார் முழங்கினார். 1900இல் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி உரோமையில் தொடங்கப்பெற்றது. மாண்டேசானோ என்னும் மருத்துவரோடு அம்மையாரும் அதன் தலைமையை ஏற்றார். காலை எட்டு மணி தொடங்கி மாலை ஏழு மணி வரையில் குழந்தைகளோடு தாமே இருந்து பாடஞ்சொன்னார். மரத்தால் எழுத்துகளைச் செய்வித்து, உயிரெழுத்துகளுக்குச் சிவப்பும் மெய்யெழுத்துகளுக்கு நீலமும் தீட்டுவித்தார். எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லாது, எழுதும் திசையிலேயே விரலால் பலகால் தடவச் செய்தார்.

அதன் பயன் யாது? விடுதியிலிருந்து வந்த அக்குழந்தைகளுட் சிலர், பொதுப்பள்ளி மாணவர்களோடு தேர்வெழுதித் தேறினர். உரோமை நகரமே வியந்து போற்றியது. அம்மையாரோ மகிழ்ச்சியில் மயங்கிவிடவில்லை. குறையுள்ளோர் எனப்பட்ட குழந்தைகள் நல்ல வழியிற் கற்று மற்றவரோடு சமமாக நிற்கின்றனர் எனின், குறையற்ற குழந்தைகளை இவ்வளவு தாழ்ந்த நிலையிலேயே வைத்திருக்கும் நம் பள்ளிகளின் குறை யாது என்று அவர் சிந்திக்கலானார். குற்றவாளிக் கூண்டில் குழந்தைக்குப் பதில் கற்பிக்கும் முறையை ஏற்றி நிறுத்திய அக்கேள்வியே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

இவ்வெற்றிக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. அம்மையாருக்கும் மாண்டேசானோவுக்கும் 1898இல் மாரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்கள் மணம் புரிந்துகொள்ளவில்லை. அக்காலத்து வழக்கப்படி, செய்தி வெளிப்பட்டால் அம்மையாரின் தொழிலும் பெயரும் அழிந்துவிடும். ஆதலின் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் மறைவாக வளர்ந்தது. ஊரார் குழந்தைகளைப் பகலெல்லாம் பேணிய அம்மையார், தம் குழந்தையை அவ்வப்போது சென்று பார்த்துவரவே இயன்றது. தம் தாயார் மறைந்த பின்னரே, பதினைந்து வயதை எட்டிய மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். பின்னாளில் அம்மகனே அவருக்கு வலக்கையாய் விளங்கினார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், குழந்தைகள் இல்லம் என்னும் பள்ளியை அம்மையார் தொடங்கினார். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றதும் சுவர்களைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட சிறுவர்களே அதன் முதல் மாணவர்கள். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருக்க, வரிசை வீடுகளின் வாசலில் வளர்ந்த நமக்கு அக்காட்சியை எவரும் விளக்க வேண்டுவதில்லை. இத்துணைச் சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இருந்ததில்லை. எழுத்தறியாத தாய்மார் சிலர் வந்து தம் மக்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டினர். அதன் பின்னரே அவர் இசைந்தார்.

மர எழுத்துகள் செய்யப் பொருளும் இல்லை, செய்து தருவாரும் அகப்படவில்லை. எனவே அட்டையில் எழுத்துகளை வெட்டினார். மரவேலைக்காரர் பயன்படுத்தும் உப்புத்தாளிலிருந்து எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அச்சொரசொரப்பின்மேல் விரலை ஓட்டும்; அவ்வெழுத்தின் ஒலியைக் காதாற் கேட்டு வாயாற் சொல்லும். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஓரெழுத்தை அறியும். எழுத்தின் பெயரை விடுத்து ஒலியையே முதலிற் கற்பித்தார். பின்னர் வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்களை ஆக்குவித்தார். அந்த ஆண்டின் டிசம்பர்த் திங்களில், மொட்டைமாடியில் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து எதிரே தெரிந்த புகைக்கூண்டை வரையச் சொன்னார். அவன் வரைந்து முடித்து, தன்னால் எழுதவும் முடியும் என்பதைத் திடீரென உணர்ந்தவனாய், கை என்றும் புகைக்கூண்டு என்றும் கூரை என்றும் பொருள்படும் தன் மொழிச் சொற்களைத் தரையில் எழுதிக் கூவினான். மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டியைக் கேட்டு ஓடிவந்தனர். கைக்குப் பழகிய எழுத்து ஒருநாள் தானே மலர்ந்தது.

1909இல் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது. பல மொழிகளிற் பரவியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரை அழைத்துப் போற்றின. அவரிடத்துப் பிழையே இல்லை என்று நாம் எழுதப் போவதில்லை. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் ஆதரவை அவர் சில ஆண்டுகள் ஏற்றார். ஆனால் குழந்தைகளைப் போர்வீரராக்கும் கொள்கையும் அவர் கொள்கையும் ஒத்துப்போகவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேற, அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் உள்நாட்டுப் போர் மூளவே, தாம் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரையும் துறந்து ஆலந்து நாட்டை அடைந்தார்.

இந்நிலையில்தான் தமிழகம் அவரை அழைத்தது. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் மகனோடு சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளின் கீழ் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்துச் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசாங்கம் மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது; அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் இருத்தியது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று, வைசிராய் ஆணையால் மகன் விடுவிக்கப்பெற்றார். நெடுங்காலம் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகம் அறிந்திருந்த மகனை, அந்நிய மண்ணில் அரசாங்கமே தாயிடம் சேர்த்தது. 1942 முதல் கோடைக்கானலில் தங்கி, இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னவின் துணையோடு, மலையும் ஓடையும் செடியும் பூச்சியுமே பாடநூலாகக் கொண்டு வளர்ந்த சிறுவர்க்கான கல்விமுறையை வகுத்தார். 1946இல் ஐரோப்பா திரும்பினும், அடுத்த ஆண்டே மீண்டும் அடையாறு வந்தார். 1949இல் அவருடைய புகழ்பெற்ற நூலொன்று அடையாற்றிலேயே அச்சாயிற்று. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஆலந்து நாட்டின் நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில் தம் 81ஆம் வயதில் அம்மையார் உலக வாழ்வை நீத்தார்.

அம்மையார் டிஸ்லெக்சியாவுக்கென்று தனி முறை வகுத்தவர் அல்லர். விடுதிக் குழந்தைகளின் நிலையும் நம் நண்பர் மகனின் நிலையும் ஒன்றல்ல. எனினும், அவர் சென்ற திசையிலேயே பிறரும் சென்றனர். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்னும் மருத்துவர் 1925இல் இவ்விடர்ப்பாட்டைப் பற்றி எழுதினார். அவரோடு உழைத்த ஆனா கில்லிங்காம் என்னும் ஆசிரியை, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, கண்ணும் காதும் கையும் கூடிக் கற்கும் முறையை 1930களில் அமைத்தார். விரலால் தடவினால் மட்டும் போதும் என்று எண்ணற்க. ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் வெளிப்படையாக, முறையாக, சலியாது பலகால் கற்பிப்பதே உயிரானது என்பர் இக்கால ஆய்வாளர். இஃது ஒரு திங்களில் தீரும் நோயன்று. வாழ்நாள் முழுதும் உடன்வரும் இயல்பு. வழியறிந்து கற்பித்தால் குழந்தை படிக்கும் என்பதே நமக்குள்ள ஆறுதல்.

இங்கு நம் முன்னோரையும் நினைக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாய்விட்டு ஒலித்தன்றோ நம் பாட்டனார் கற்றனர்? 1789 முதல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, 1797இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். அம்மணலை நாம் மறந்தோம்; பிரம்பை மட்டும் நெடுங்காலம் மறவாதிருந்தோம்.

தங்கவயலில் பிறந்த குழந்தையின் சுமை பெரிது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என மொழிகள் பல, எழுத்துகளும் பல. தமிழிலேயே 247 எழுத்துகள் உள. கெ, கே, கை என்பவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ல, ள, ழ என்னும் வேறுபாடு பேச்சில் மயங்குகிறது. மற்றக் குழந்தைகள் தாண்டிச் செல்லும் இக்கற்கள், இடர்ப்பாடுள்ள குழந்தைக்கு மலைகளாகின்றன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பின், எழுத்தறியாதவனுக்கும் சோறு போட்ட அந்த வாயிலும் அடைபட்டது. ஆதலின் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவதற்கு ஒருவர் துணை, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு அச்சட்டத்தில் இடமுண்டு. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையில் இதற்கான சோதனை செய்கின்றனர். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கம் முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. நம் ஊரிலிருந்து ஒரு வண்டிப் பயணத்தில் எட்டக்கூடிய உதவியை, அறியாமையால் இழத்தல் ஆகாது.

நம் மாலை வகுப்பில் இப்போது ஒரு மணல் தட்டு உள்ளது. சயனைடு மேட்டு மண் கூடவே கூடாது எனக் கண்டிப்பாகச் சொல்லி, ஆற்றுமணலை வரவழைத்துக் கழுவிக் காயவைத்தோம். நண்பரின் மகனைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று சோதித்தாயிற்று. அவன் ஒரு நாளைக்கு இரண்டெழுத்துக்கு மேல் கற்பதில்லை. கற்ற இரண்டையும் பெரும்பாலும் மறப்பதில்லை. சென்ற திங்களில் ஒரு மாலை, மகனை அழைத்துச் செல்ல வந்த நண்பர், வகுப்பு முடிந்து எல்லாரும் சென்ற பின்னர்த் தட்டின் அருகே அமர்ந்தார். மகன் எழுதியிருந்த எழுத்தின்மேல் தம் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். இது என்ன எழுத்து என்று நம்மைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்து அன்பர்களே! மக்கு என்னும் சொல்லை நம் வீட்டிலும் வகுப்பிலும் இனி வழங்காதிருப்போம். படிக்க இயலாது தவிக்கும் பிள்ளையைக் கண்டால், அடிப்பதற்கு முன் நம் கற்பிக்கும் வழியை ஒருமுறை மாற்றிப் பார்ப்போம். மாலை வகுப்பில் மணல் தட்டுக்கு இடமுண்டு. அருகே அமர்ந்து கற்பிப்போர்தாம் இன்னும் வேண்டும். மாண்டிசோரி அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.